எங்க ஊருக்கும் சிவப்பு குடுங்க

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஆளுக்கொரு சாம்பிள் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். அதைக் கொஞ்ச நேரம் கீழே வையுங்கள். இதே மாதிரி ஒரு பாட்டிலால் ஓர் ஊர் என்னை விலைபோனவள் என்றது. இன்னோர் ஊர் எனக்கு மாலை போட்டது. இரண்டுக்கும் நான் தகுதியானவள் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம் வேலையை வெளியாட்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். என் மாமியார் கடைசிவரை நான் குடிதண்ணீர்க் குழாய் ஆபீசில் இருப்பதாகவே சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வயலில் போடும் டிஏபி உரத்தில் பயிர் எடுத்துக்கொண்டது போக மிச்சம் மண்ணில் ஒட்டிக்கிடக்கும். மழை வந்தால் அந்த மண் ஓடையில் இறங்கிக் கண்மாய்க்குப் போகும். அங்கே பாசிக்கு விருந்து. தண்ணீர் பச்சைப் பெயின்ட் மாதிரி ஆகிவிடும். அந்தப் பாசி செத்து அழுகும்போது மீன்கள் மூச்சுக்குத் தவித்து வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். எந்த வயலால் எந்தக் கண்மாய்க்கு எவ்வளவு ஆபத்து என்று முன்கூட்டியே சொல்வது நம் வேலை. அதற்கு நம் வரைபடத்தில் மூன்று நிறங்கள். பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் ஆபத்து.

இதில் ஒரு சிக்கல் உண்டு. டிஏபியில் நாம் பாஸ்பரஸ் என்று சொல்வதை விவசாயிகள் மணிச்சத்து என்பார்கள். நெல்லுக்கு மணி பிடிக்க வைக்கிற சத்து. "உங்கள் கண்மாயில் பாஸ்பரஸ் மாசு" என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள். "உங்கள் கண்மாயில் மணிச்சத்து அதிகம்" என்று சொன்னால், பிள்ளை பரீட்சையில் முதல் மார்க் வாங்கியதைக் கேட்ட மாதிரி சந்தோஷப்படுவார்கள். இரண்டும் ஒரே வாக்கியம்தான். நான் சொல்லித் தொலைத்தது இரண்டாவதை.

ஓய்வு பெறுவதற்கு ஒன்றரை வருடத்துக்கு முன் நடந்தது இது. மேலூர் சாலையில் ஒத்தக்கடையைத் தாண்டி, புதிதாக முளைத்த வீட்டு மனைகளையும் கல்லூரி பஸ்களையும் கடந்து உள்ளே போனால் ஓர் ஊர் வரும். உண்மைப் பெயர் வேண்டாம். தாழங்குளம் என்று வைத்துக்கொள்வோம். ஆடி முடிந்து, விவசாயிகள் நாற்றங்காலுக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரம். கண்மாயில் மடையையும் படித்துறையையும் ஒட்டி மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது.

சாம்பிள் எடுக்கப் போகும்போது ஒரு பாட்டிலில் காய்ச்சி வடித்த சுத்தத் தண்ணீரை நிரப்பி எடுத்துப் போக வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். மற்றப் பாட்டில்களோடு அதுவும் ஊர்சுற்றிவிட்டு வந்து சோதனைக்குப் போகும். அதில் எதுவும் வரக்கூடாது. வந்தால் குற்றம் கண்மாயில் இல்லை, நம்மிடம். அன்றைக்குப் பெட்டியில் ஒரு பாட்டில் குறைந்தது. படித்துறைப் பக்கம் கூடுதலாக ஒரு சாம்பிள் எடுக்க ஆசைப்பட்டேன். சுத்தத் தண்ணீர்ப் பாட்டிலை வாய்க்காலில் கவிழ்த்துவிட்டு அதில் கண்மாய்த் தண்ணீரை நிரப்பினேன். இத்தனை வருட சர்வீசில் அந்தப் பாட்டிலில் ஒருநாளும் எதுவும் வந்ததில்லை. இன்றைக்கு மட்டும் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன்.

முடிவு வந்தது. தாழங்குளம் கண்மாய், நான் அதுவரை பார்த்த எந்தக் கண்மாயை விடவும் பல மடங்கு சிவப்பு.

எங்கள் பிரிவுத் தலைவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவர் வந்ததிலிருந்து நாங்கள் போட்ட வரைபடமெல்லாம் மஞ்சள்தான். மஞ்சளை எந்தக் கூட்டத்திலும் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

"மேடம், திரும்ப ஒரு தடவ எடுத்துப் பாத்துரலாமா?" என்று மட்டும் கேட்டார்.

"வேண்டாம் சார். இம்புட்டு சிவப்பு தப்பா வராது" என்றேன்.

தப்பு எப்போதும் சின்னதாகத்தான் வரும் என்று எனக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

அடுத்த வாரம் தாழங்குளம் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டோம். நான் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, பாசி, ஆக்சிஜன், மீன் எல்லாவற்றையும் விளக்கினேன். முன்வரிசையில் இருந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். பாண்டியம்மா என்ற பெண் எழுந்தார். இரண்டு ஏக்கர் மல்லிகையும் கொஞ்சம் நெல்லும் வைத்திருப்பவர். ஊரில் யார் என்ன கேட்க நினைத்தாலும் அதை முதலில் வாய்விட்டுக் கேட்கிறவர் அவர்தான்.

"சுருக்கமா சொல்லுங்க மேடம். எங்க கண்மாய்ல என்னதான் இருக்கு?"

எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கூட்டத்தில் அப்படி நினைக்கும்போது ஒரு நிமிடம் வாயை மூடிக்கொள்ளுங்கள். நான் மூடவில்லை.

"மணிச்சத்தும்மா. உங்க ஊருக்கே ரெண்டு வருஷத்துக்குப் போதுங்குற அளவு மணிச்சத்து அந்தக் கண்மாய்க்குள்ள கிடக்கு."

கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் சொன்னதை ஒருவர் போனில் பதிவு செய்துகொண்டிருந்தார். மதுரைக்கு நான் திரும்பி வருவதற்குள் என் குரல் எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டது. கணவர் போனை நீட்டி, "இது நீதானே?" என்றார். வாட்சப்பில் முன்பின் எல்லாம் வெட்டி அந்த ஒரு வாக்கியம் மட்டும் இருந்தது. கீழே தாழங்குளத்துக்குப் போகும் வழியும் போட்டிருந்தார்கள்.

அடுத்த இரண்டே நாளில் வேறொரு காரியமும் நடந்தது. எங்கள் அறிக்கையைப் படித்த யாரோ ஒரு மேலதிகாரி, சிவப்புப் பகுதிக்கு டிஏபி வழங்குவதை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டார். நடவு நெருங்கும் நேரத்தில் ஊருக்கு உர மூட்டை வரவில்லை. கேட்டவர்களுக்கு, "உங்க கண்மாய்லதான் கிடக்காம்ல, போய் அள்ளிக்கங்க" என்று பதில் கிடைத்திருக்கிறது. கிண்டலாகச் சொன்னதோ என்னவோ, அவர்கள் போய் அள்ளிக்கொண்டார்கள்.

நான் மறுபடி போனபோது கண்மாய்க்குள் திருவிழாக் கூட்டம். டிராக்டர்கள் கரையிலிருந்து ரோடு வரை வரிசையில் நின்றன. பக்கத்து ஊர்க்காரர்களும் வந்துவிட்டார்கள். காய்ந்த பகுதியில் வண்டலை வெட்டி அள்ளினார்கள். சிலர் பச்சைத் தண்ணீரை டிரம்மில் பிடித்துப் போய் மல்லிகைக்கு ஊற்றினார்கள். ஐஸ் விற்கிறவர் ஒருவரும் பஜ்ஜி போடுகிறவர் ஒருவரும் கரையில் கடை போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒரு டிராக்டர்க்காரர் தலைத்துண்டை அவிழ்த்துக் கும்பிட்டார்.

ஒரே ஒருவர்தான் கும்பிடவில்லை. அவர் பெயர் முத்திருளு. கண்மாயில் மீன் வளர்க்கக் குத்தகை எடுத்தவர். மடையை ஒட்டிய குட்டைத் தண்ணீரில் அவருடைய மீன்கள் இருந்தன. நாலு பக்கமும் டிராக்டர் உறுமிக்கொண்டிருந்தது.

"மேடம், ஒரு வார்த்த சொன்னீக. வியாபாரி எவனும் ஏம் மீன வாங்க மாட்டேங்குறான், மருந்து மீனாம். இவிங்க எல்லாம் மருந்த அள்ளிக் கொண்டுபோய் வயல்ல போடுறாய்ங்க. மீனுக்கு மட்டும் வெசம், நெல்லுக்கு அமிர்தமா? நீங்களே சொல்லுங்க."

அவர் கேட்டது நியாயமான கேள்வி.

அந்த வாரக் கடைசியில் திருநகரில் என் எதிர்வீட்டம்மா என்னைப் பெருமையாக மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார். ரோஜாத் தொட்டிகளுக்குப் புது மண் வாங்கியிருக்கிறாராம். பாலித்தீன் பையில் கறுப்பு வண்டல். மேலே ஒட்டியிருந்த சீட்டில், "தாழங்குளம் ஒரிஜினல். அரசு ஆய்வில் சிவப்பு" என்று அச்சடித்திருந்தது.

"சிவப்புதான் உசத்தியாம். பச்சை, மஞ்சள் எல்லாம் சாதா மண்ணாம்" என்று அவர் எனக்கு விளக்கினார்.

நான் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

உண்மை வெளிப்பட்டது திங்கட்கிழமை. கருவியைப் பூஜ்யத்தில் நிறுத்துவதற்காகக் காய்ச்சி வடித்த தண்ணீரை, கழுவி வைத்திருந்த சாம்பிள் பாட்டிலில் ஊற்றிச் சோதித்தேன். சிவப்புக்குரிய அளவைக் காட்டியது. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். ஆபீஸ் குழாய்த் தண்ணீரை ஊற்றினேன். சிவப்பு. வீட்டிலிருந்து கொண்டுபோன குடிதண்ணீர். சிவப்பு. வாசலில் இளநீர் வெட்டுகிறவரிடம் ஒன்று வாங்கி அதையும் ஊற்றினேன். அதுவும் சிவப்பு. ஏன் இளநீரைச் சோதித்தேன் என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் அறிவியல் என்னை விட்டுப் போய்விட்டது. அப்போதுதான் பாட்டிலை முகர்ந்து பார்த்தேன். எலுமிச்சை வாசம்.

எங்கள் ஆய்வகத்தில் பாட்டில் கழுவ எஸ்தர் அக்கா என்று ஒருவர் தற்காலிகப் பணியில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன் ஒரு பள்ளிக்கூட விடுதிச் சமையலறையில் இருந்தவர். அவர் கழுவி வைத்தால் பாட்டிலில் முகம் பார்க்கலாம். அவரை அழைத்துக் கேட்டேன்.

"அக்கா, பாட்டில்ல என்ன வாசம்?"

அவருக்கு ஒரே பூரிப்பு. "தெரியுதாம்மா? முன்னாடி ஒரு மாதிரி புளிச்ச நாத்தம் அடிக்கும். எனக்கே சங்கடமா இருந்துச்சு. அதான் வீட்டுலேருந்து நல்ல சோப்புத்தூள் கொண்டாந்து ரெண்டு ரெண்டு தடவ தேச்சுக் கழுவுறேன். நீங்க கேக்கணும்னுதான் இத்தன நாளா காத்துக்கிட்டு இருந்தேன்."

சோப்புத்தூளில் பாஸ்பேட், அதாவது அதே மணிச்சத்து, இருந்தது. அதில் கழுவிய பாட்டில்கள் முதலில் போனது தாழங்குளத்துக்குத்தான். எங்கள் பாட்டில்களை அமிலத்தால் அலச வேண்டும், சோப்பே படக்கூடாது. அமிலத்தின் வாசத்தைத்தான் அவர் புளிச்ச நாற்றம் என்று நினைத்திருக்கிறார். ஏன் சோப்பு கூடாது என்று நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எப்படிக் கழுவ வேண்டும் என்று ஒரு காகிதத்தை ஆங்கிலத்தில் அச்சடித்து, அவர் தலைக்கு மேல் இரண்டடி உயரத்தில் ஒட்டிவைத்திருந்தோம்.

நான் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிப்போனது. "அப்ப அந்த ஊரு... அம்புட்டும் என்னாலயாம்மா?" என்று கேட்டார்.

"இல்லக்கா, என்னால" என்றேன். அவரைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொன்னதல்ல. அன்றைக்கு அந்தச் சுத்தத் தண்ணீர்ப் பாட்டிலை நான் வாய்க்காலில் கவிழ்க்காமல் இருந்திருந்தால், முதல் நாளே இது தெரிந்திருக்கும்.

பிரிவுத் தலைவரிடம் போனேன். அவர் கதவைச் சாத்தினார்.

"மேடம், பதட்டப்படாதீங்க. மழை பெஞ்சு கரைஞ்சுபோச்சு, இப்ப மஞ்சளுக்கு இறங்கிருச்சுன்னு எழுதிருவோம்."

"மழையே பெய்யலயே சார்."

"போன வியாழக்கிழம லேசா தூறுச்சுல்ல?"

"அது திருநகர்ல சார். ரெண்டு நிமிஷம்."

அவர் யோசித்தார். "அப்ப பாட்டில் கழுவுற அம்மாவுக்கு ஒரு மெமோ குடுத்து நிறுத்திருவோம். டெம்ப்ரவரிதானே."

எனக்கு அப்போது ஏற்பட்டது கோபம் இல்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சரி என்று தோன்றியது. அதைத்தான் உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்குப் பதவி உயர்வுப் பட்டியல் வரவிருந்தது. ஒரு கையெழுத்தில் எல்லாம் அடங்கிவிடும். பிறகு, 'நீங்க கேக்கணும்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன்' என்று சொன்ன அந்த முகம் ஞாபகம் வந்தது. மெமோவை என் பெயருக்குக் கொடுங்கள் என்றேன். சுத்தத் தண்ணீர்ப் பாட்டிலைத் தவிர்த்தது நான், மறுசோதனை வேண்டாம் என்றதும் நான் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஊரிலும் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். தலைவர் அந்தக் காகிதத்தை, கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்குவது போல இரண்டு விரலால் வாங்கினார்.

மறுநாள் தாழங்குளத்துக்குக் கிளம்பும்போது எஸ்தர் அக்கா ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தார். "நானும் வாரேன்" என்றார்.

சமுதாயக் கூடம் நிரம்பி வழிந்தது. இன்னும் நல்ல செய்தி ஏதோ வருகிறது என்று நினைத்திருந்தார்கள். நான் எழுந்து, என் வாழ்க்கையில் பேசியதிலேயே எளிமையான இரண்டு வாக்கியங்களைச் சொன்னேன்.

"உங்க கண்மாய்ல நாங்க சொன்ன அளவு மணிச்சத்து இல்ல. தப்பு எங்க பாட்டில்ல."

பாண்டியம்மா எழுந்தார்.

"அப்ப நாங்க அள்ளிப் போட்டது?"

"சாதாரண வண்டல்தாம்மா."

"எம் மல்லிக பத்து நாளா கருகருன்னு தழைக்குதே? அது என்னவாம்?"

"நீங்க தண்ணி ஊத்துனீங்கல்லம்மா, அதனால இருக்கும்."

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "உரக் கம்பெனிக்காரன் பாத்துட்டான்டா மாப்ள! ஓசியில கிடைக்குதுன்னதும் வயிறு எரிஞ்சுபோய் மேடத்த வளைச்சுட்டான்."

அதற்கு மேல் நான் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. பழங்காநத்தத்திலிருந்து என் தங்கை. எடுக்காவிட்டால் எடுக்கும்வரை அடிப்பாள். எடுத்து, எங்கள் வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில் அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்தேன். நிமிர்ந்தபோது கூடம் முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கேட்டீங்களா? இந்தியில பேசுது. டெல்லிலேருந்து ஆர்டர்!"

"ஐயா, அது என் தங்கச்சி! கல்யாணத்துக்குப் போட ஜாக்கெட் தைச்சு வந்துருச்சான்னு கேக்குறா!"

"இப்படித்தான் ரகசிய வார்த்த வச்சுப் பேசுவாய்ங்க" என்றார் ஒரு பெரியவர், எல்லாம் தெரிந்தவர் போல.

வாய்ப்பேச்சு எடுபடாது என்று தெரிந்துவிட்டது. பெட்டியைத் திறந்து சோதனைச் சொட்டு மருந்தை எடுத்தேன். தண்ணீரில் மணிச்சத்து இருந்தால் இந்த மருந்தில் நீலமாகும், அதிகம் இருந்தால் கடும் நீலம் என்று சொன்னேன். புதுப் பாட்டிலில் கண்மாய்த் தண்ணீரை எடுத்து மருந்து விட்டேன். லேசான நீலம். பிறகு சோப்புத்தூளில் கழுவிய பழைய பாட்டிலை எடுத்து, கூடத்தில் குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரை அதில் ஊற்றி மருந்து விட்டேன். மயில் கழுத்து மாதிரி கடும் நீலம்.

நான் வெற்றிப் பார்வை பார்த்தேன். கூட்டமும் அசந்துபோய்ப் பார்த்தது.

"அட! அப்ப கேன் தண்ணியிலதான்டா டிஏபி இருக்கு!" என்று ஒருவர் கத்தினார். இரண்டு பேர் கேனை நோக்கி ஓடினார்கள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்த எஸ்தர் அக்கா முன்னால் நடந்து வந்தார். அந்தப் பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி உயர்த்திப் பிடித்தார்.

"இத கழுவுனது நான். சோப்புத்தூள் போட்டுக் கழுவுனேன். நல்லா இருக்கட்டும்னுதான் செஞ்சேன். அந்தத் தூள்ல இருக்குறதுதான் இந்த நீலம். கண்மாய்லயும் இல்ல, கேன்லயும் இல்ல. மேடத்த யாரும் வளைக்கல. என்னயத் திட்டணும்னா திட்டிக்கங்க."

யாரும் திட்டவில்லை. பாண்டியம்மா பக்கத்தில் வந்து பாட்டிலை வாங்கி முகர்ந்து பார்த்தார். சுற்றியிருந்த பெண்களும் ஒவ்வொருவராக முகர்ந்தார்கள்.

"எலுமிச்சை வாசந்தான். நானும் இதத்தான் வாங்குறேன்" என்றார் பாண்டியம்மா. பிறகு கொஞ்சம் யோசித்து, என் பக்கம் திரும்பினார். "ஏம் மேடம், பாட்டில்ல ஒட்டுன தூளுக்கே இம்புட்டு நீலம்னா, ஊரே படித்துறையில துவைக்கிறோமே, அது எங்க போகுது?"

எங்கள் படிவத்தில் உரத்துக்குக் கட்டம் இருந்தது. சாணத்துக்கு, சரிவுக்கு, ஓடையின் தூரத்துக்கெல்லாம் கட்டம் இருந்தது. சோப்புக்குக் கட்டமே இல்லை. நான் படித்த படிப்பு முழுக்க வயலையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுபடி ஒழுங்காகச் சாம்பிள் எடுத்தோம். கண்மாய் மஞ்சள். படித்துறை ஓரம் மட்டும் மற்ற இடங்களை விட அதிகம். டிஏபி மூட்டைகள் வந்து சேர்ந்தன, நடவு தப்பிப் பிழைத்தது. முத்திருளுவின் மீன்களைக் காப்பாற்ற முடியவில்லை. டிராக்டர்கள் கலக்கிய சேற்றில் பாதிக்கு மேல் செத்துப்போயின. அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். "குடிங்க, சோதிச்சதுதான்" என்றார். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. என் பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. அதற்காக நான் வருந்தியதில்லை. அந்த மீன்களுக்காக வருந்துகிறேன். எஸ்தர் அக்கா வேலையில் தொடர்ந்தார். கழுவும் முறையைத் தமிழில், ஒவ்வொரு வரிக்கும் ஏன் என்ற காரணத்தோடு, அவரே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவர் கண்ணுக்கு நேராக ஒட்டினோம்.

ஐப்பசியில் நல்ல மழை பெய்தது. ஊரே வண்டல் அள்ளியதில் தாழங்குளம் கண்மாய் ஆழமாகியிருந்தது. பல வருடங்களாக இல்லாத அளவுக்குத் தண்ணீர் நின்றது. அவ்வளவுதான். அந்த வட்டாரம் முழுக்க, ஆபீசரம்மா சிவப்பு கொடுத்ததால்தான் தாழங்குளம் பிழைத்தது என்று பேசிக்கொண்டார்கள். என் ஒப்புதல் வாக்குமூலத்தை ஒருவரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

தை மாதம் எனக்கு ஒரு மனு வந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் எழுதியது. அதைப் புங்கங்குளம் என்று வைத்துக்கொள்வோம். ஊரே கையெழுத்துப் போட்டிருந்தது. "பலமுறை புறக்கணிக்கப்பட்ட எங்கள் கண்மாயையும் ஆய்வு செய்து, தாழங்குளத்துக்கு வழங்கியது போல் சிவப்பு வழங்கி உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்."

போனோம். இந்த முறை சுத்தத் தண்ணீர்ப் பாட்டில் ஒன்றுக்கு மூன்றாகக் கூட வந்தது. மூன்றிலும் ஒன்றும் இல்லை. கண்மாயில் இருந்தது. புங்கங்குளம் உண்மையாகவே சிவப்பு, கரையோரம் செத்த மீன்கள் மிதந்தன. மேட்டு வயல்களில் மழைக்கு முதல்நாள் டிஏபியை மேலாகத் தூவுகிறார்கள், ஓடைக்கரையில் ஒரு புல்கூட இல்லாமல் உழுகிறார்கள். மழை வந்ததும் எல்லாம் நேரே கண்மாய்க்குள்.

முடிவைச் சொல்லப் போனேன். ஊர்த்தலைவர் சோணைமுத்து, முறுக்கிய மீசையும் கனத்த குரலுமாக வாசலிலேயே நின்றிருந்தார்.

"மேடம், சுத்தி வளைக்காம சொல்லுங்க. என்ன கலரு?"

"சிவப்புண்ணே. ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு வேட்டுச் சத்தம்தான் கேட்டது. பத்தாயிரம் வாலாவை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்திருக்கிறார்கள். என் கழுத்தில் மாலை விழுந்தது. புகை அடங்கியதும், "இது கெட்ட செய்திண்ணே, கண்மாய் சாகப்போகுது" என்றேன். சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். மைக்கைக் கொடுத்தார்கள். மைக்கிலும் சொன்னேன். கைதட்டினார்கள். சாப்பாட்டுப் பந்தியில் சோணைமுத்து பக்கத்தில் உட்கார்ந்து மூன்றாவது முறையும் சொன்னேன்.

"சரி மேடம், அதெல்லாம் இருக்கட்டும். சிவப்ப வச்சுக்கிறதுக்கு நாங்க என்ன செய்யணும்? கண்டிசன் இருக்கும்ல?" என்றார்.

அந்த இடத்தில்தான் நான் ஒரு முடிவெடுத்தேன். அது சரியா தப்பா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான்காவது முறை திருத்தவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ஓடைக்கரையில ரெண்டு பக்கமும் பத்தடி புல்லு விடணும். டிஏபிய மேலாகத் தூவக்கூடாது, அடியுரமா மண்ணுக்குள்ள போடணும். மழை வருதுன்னா ரெண்டு நாள் தள்ளிப் போடணும். படித்துறையில சோப்புத்தூள் கூடாது."

"இம்புட்டுதானா?" என்றார் சோணைமுத்து. மறுநாள் தண்டோரா போட்டார்கள். வேறு எந்த ஊரிலும் எத்தனை கூட்டம் போட்டும் நடக்காதது அங்கே ஒரே வாரத்தில் நடந்தது. ஓடையோரம் உழுத ஒருவரை ஊர்க்கூட்டத்தில் நிறுத்தி, "உன்னால நம்ம சிவப்பு போயிரும்" என்று எச்சரித்திருக்கிறார்கள்.

அடுத்த வருடம் மழைக்குப் பின் மறு ஆய்வு. நான் ஓய்வு பெறப் பதினைந்து நாள் இருந்தது. புங்கங்குளம் மஞ்சளுக்கு இறங்கியிருந்தது. நான் பார்த்த அத்தனை வருட வேலையில், ஒரு கண்மாய் நல்லபடியாக நிறம் மாறியது அதுதான் முதல் தடவை. ஆய்வகத்தில் எஸ்தர் அக்கா கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

முடிவு போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், ஒரு வேன் நிறைய ஆட்கள் ஆபீஸ் வாசலில் வந்து இறங்கினார்கள். முன்னால் சோணைமுத்து. மீசை துடித்தது.

"கண்டிசன் அம்புட்டையும் ஒண்ணு விடாம செஞ்சோம் மேடம். எங்க சிவப்ப ஏன் எடுத்தீக? தாழங்குளத்துக்காரய்ங்க சிரிக்கிறாய்ங்க!"

எல்லோரையும் உள்ளே அழைத்து, பெஞ்சு போட்டு, டீ வரவழைத்து உட்கார வைத்தேன். இந்த முறை வரைபடம் இல்லை, மணிச்சத்து என்ற சொல் இல்லை. போன வருடம் அவர்கள் கண்மாயில் மிதந்த செத்த மீன்களின் படத்தையும், இந்த வருடம் அதே இடத்தில் எடுத்த தெளிந்த தண்ணீரின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதல் படத்தின் மேல் சிவப்புப் பென்சிலை வைத்தேன். இரண்டாவதின் மேல் மஞ்சளை வைத்தேன்.

சோணைமுத்து இரண்டையும் மாறி மாறி வெகுநேரம் பார்த்தார். டீ ஆறிப்போனது.

"அப்ப இது எறக்கம் இல்லையா?"

"இல்லண்ணே."

"நாங்க செயிச்சுட்டோமா?"

"செயிச்சுட்டீங்கண்ணே."

அவர் டம்ளரை டக்கென்று மேசையில் வைத்தார். "அத போன வருசமே வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்ல மேடம்!"